ஏழாம் கதிரையின் பெட்டி

என் அக்காவின் கணவர் கிருபன் யாருடைய பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது அவர் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார். இந்தப் பதினாறு வருடங்களில் அது ஒருமுறையாவது தவறி நான் காணவில்லை. அம்மா கத்தரிக்காய்க் குழம்பு அனுப்பிய ஐஸ்கிறீம் பெட்டி நாலு தோடம்பழத்தோடு வரும். பக்கத்து அப்பார்ட்மென்றில் இருந்த பிலிப்பைன்ஸ் அன்ரி கேக் தந்த தட்டு ஒரு கட்டு வெந்தயக்கீரையோடு போகும். ஒருநாள் அவர்கள் வீட்டில் ஒன்றுமே இருக்கவில்லை போலும், எங்கள் சருவச்சட்டிக்குள் இரண்டு பற்றரிகள் கிடந்தன. அம்மா அவற்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரிமோட்டுக்கு உதவும் மாமி" என்றார் அத்தான்.

எங்கள் ஆட்களிடம் பொதுவாக உள்ள வழக்கம்தான் இது. ஆனால் மற்றவர்கள் மறந்துபோகும் நாட்களும் உண்டு. அத்தானுக்கு மறதி வந்ததில்லை. இதை நான் வேடிக்கையாகத்தான் பார்த்துவந்தேன், போன டிசம்பர் வரைக்கும்.

அவர் பதினேழு வருடம் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு மோட்டார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்தார். ஒரு நவம்பரில் அதை மூடிவிட்டார்கள். கையில் கொஞ்சக் காசு கொடுத்து அனுப்பினார்கள். எல்லாரும் அவர் அடுத்த கிழமையே வேறு வேலைக்குப் போவார் என்று நினைத்தோம். அவர் போகவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் அக்கா நிலாணி முதியோர் இல்ல வேலை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தான் கேட்டார்.

"எனக்கு ஒரு வருசம் தாரும்."

"என்னத்துக்கு?"

"போக்கர் விளையாட. சுற்றுப்போட்டியள். ஒழுங்கா, வேலை மாதிரி."

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "சூது எண்டு சொல்லுங்கோ. நாங்கள் தமிழ் ஆக்கள்தானே."

"சூதோ தொழிலோ எண்டு எனக்கும் தெரியாது. அதைப் பாக்கத்தான் ஒரு வருசம் கேக்கிறன்."

பத்து வருடமாக அவர் வேலையிடத்து நண்பர்களோடும் பிறகு கணினியிலும் சின்னச் சின்னத் தொகைக்கு விளையாடிவந்தது எங்களுக்குத் தெரியும். அதை ஒருவரும் பெரிதாக எடுத்ததில்லை. அக்கா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு நிபந்தனையோடு வந்தாள். தொழிற்சாலைச் சம்பளம் வரி போகக் கையில் வந்தது வருடம் ஐம்பத்திரண்டாயிரம் டொலர். செலவெல்லாம் கழித்து அந்தத் தொகை அவருடைய ஆட்டத்தால் வந்தால் தொடரலாம். ஒரு டொலர் குறைந்தாலும் ஜனவரியில் வேலைக்குப் போகவேண்டும், பிறகு எந்தப் போட்டியிலும் இருக்கக் கூடாது. மரக்கறிக் கடையில் தந்த கலண்டரின் பின்பக்கத்தில் அதை எழுதி, அவரைக் கையெழுத்து வைக்கச் செய்தாள். 'என்ர ஆட்டத்தால' என்ற சொல்லைச் சேர்த்தது அத்தான்தான். கடன் வாங்கி விளையாடமாட்டேன், ஒருவருடைய காசிலும் விளையாடமாட்டேன் என்பதைக் காட்டத்தான் அப்படி எழுதினார்.

எங்கள் அப்பா பொன்னம்பலம் கோயிலில் யாராவது கேட்டால், "மருமகன் இப்ப கொம்பியூட்டரில" என்று சொல்லத் தொடங்கினார்.

போக்கர் தெரியாதவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். காட்ஸ் என்று நாங்கள் சொல்லும் சீட்டுகளை வைத்து ஆடும் ஆட்டம் அது. நுழைவுப் பணம் கட்டினால் எல்லாருக்கும் ஒரே அளவு சிப்ஸ் தருவார்கள். அவை காசு மாதிரி இருக்கும் வட்ட வில்லைகள். முடிந்தால் எழும்பி வீட்டுக்குப் போகலாம். ஐந்நூறு பேர் தொடங்கினால் கடைசி ஐம்பது பேருக்குத்தான் பரிசு. பெரிய பரிசு கடைசி மூன்று நாலு பேருக்கு. ஆகவே நன்றாக விளையாடுபவர்கூட அனேகமான நாட்களில் வெறுங்கையோடுதான் வருவார். இதைத் தெரிந்துகொண்டு ஒருவர் காலையில் எழும்பி, முகம் வழித்து, சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிடுவதை நான் ஒரு வருடம் பார்த்தேன்.

அந்த வருடம் முப்பத்தேழு போட்டிகள். முதல் பதினொன்றில் ஒரு சதமும் வரவில்லை. ஜனவரி, பெப்ரவரி, மார்ச்சில் பாதி. வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "இண்டைக்கும் இல்லை" என்பார். பிறகு சமைப்பார். அவர் குரலில் நான் ஏதாவது மாற்றத்தைத் தேடுவேன். ஒரு வேலைக்கு மனுப் போட்டுப் பதில் வராவிட்டால் மூன்று நாள் படுக்கையில் கிடக்கும் ஆள் நான். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான். புள்ளிவிபரவியல் படித்து, மார்க்கம் நகரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் மற்றவர்களின் கார் விபத்துகளைக் கணினியில் ஏற்றும் ஒப்பந்த வேலை செய்கிறேன். பதினோராவது முறை அவர், "இண்டைக்கும் இல்லை" என்றபோது நான் கேட்டேன். "எப்பிடி அத்தான் திரும்பப் போறியள்?"

"காரில."

நான் முறைத்தேன்.

"உண்மையாத்தான். கார் ஸ்ரார்ட் ஆகினாப் போறன். இல்லாட்டி யசிந்தனைக் கூப்பிடுறன்."

யசிந்தன் என்பவர் பார ஊர்தி ஓட்டுநர். அத்தானோடு முன்பு தொழிற்சாலையில் இருந்தவர். வேலை இல்லாத வார இறுதிகளில் அவரும் சில போட்டிகளுக்குப் போவார்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு, வருடக் கணக்கைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். காலைச் சாப்பாட்டுக்கே போய்விட்டேன்.

"மச்சாள், அஞ்சு வருசம் படிச்சனீர். ஒருநாளாவது எனக்குப் பிரயோசனப்படும்."

"நாலு வருசம் அத்தான்."

"அப்ப அஞ்சாம் வருசம் என்ன செய்தனீர்?"

"வேலை தேடினனான்."

"மாமா அதையும் படிப்பெண்டுதான் ஊருக்குச் சொன்னவர்."

"உங்களைக் கொம்பியூட்டரில எண்டு சொல்லுறவர்தானே" என்றேன். அக்கா தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று சிரித்தாள்.

அவர் ஒரு நீளக் கொப்பியை மேசையில் வைத்தார். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் கார்த் தரிப்பிடத்தில், காருக்குள் இருந்தே எழுதிய கொப்பி. நுழைவுப் பணம், பெற்றோல், பரிசு எல்லாம் முதல் வரியில் இருந்தன. அதற்குக் கீழே பக்கத்தை நடுவில் பிரித்து இரண்டு நிரல்கள். ஒன்றில் 'என்ர பிழை', மற்றதில் 'காட்ஸின்ர வேலை'. நான் முதலில் கூட்டல் கழித்தலைத்தான் பார்க்க நினைத்தேன். வாசிக்காமல் இருக்க முடியவில்லை.

'பெப்ரவரி 10. என்ர பிழை. பசியோட இருந்தது.'

'ஏப்ரல் 27. காட்ஸின்ர வேலை. நூறு தரம் விளையாடினா எண்பது தரம் நான் வெல்லுவன். இது மற்ற இருபது.'

'ஜூன் 15. என்ர பிழை. மூண்டு மணித்தியாலம் சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சவன் பொய் சொல்லமாட்டான் எண்டு நினைச்சது.'

'யூலை 6. வெண்டது காட்ஸால. நான் பிழையாத்தான் விளையாடினனான்.'

வென்ற இடத்திலும் அப்படி எழுதியிருந்தது என்னைச் சங்கடப்படுத்தியது. என் கடைசி ஐந்து வருடத்தை இப்படி இரண்டாகப் பிரித்து எழுதச் சொன்னால், முழுவதையும் நான் ஒரு பக்கத்தில்தான் எழுதுவேன். எந்தப் பக்கம் என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

பதினொரு மணியளவில் கணக்கு முடிந்தது. பரிசு மொத்தம் எண்பத்தெட்டாயிரத்து நூறு. நுழைவுப் பணமும் பயணச் செலவும் கழித்தால் ஐம்பத்துநாலாயிரத்து முந்நூற்றைம்பது. நான் மடிக்கணினியை அக்காவின் பக்கம் திருப்பினேன். அவள் கையைத் துடைத்துவிட்டு இரண்டு தரம் வாசித்தாள்.

"கூட," என்றாள்.

"ஓம், ரெண்டாயிரத்து முந்நூற்றைம்பது கூட" என்றேன்.

அக்கா தேத்தண்ணி வைக்கப் போனாள். அவள் போன விதத்தை நான் கவனித்தேன். அவள் இவ்வளவு நாளும் அவர் தோற்கவேண்டும் என்று காத்திருந்தாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அன்றைக்கு முதுகைப் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. அத்தான் கலண்டர் மட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, பேனையைத் தேடினார்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். இன்றைக்கும் அதை நினைக்கிறேன்.

செப்ரெம்பர்ப் பக்கத்தில் ஒரு கணக்கு எனக்கு இடித்துக்கொண்டிருந்தது. அது அந்த வருடத்தின் பெரிய வெற்றி, மூன்றாம் இடம், முப்பத்தோராயிரத்து நானூறு டொலர். அந்தப் போட்டியின் கதை எங்கள் குடும்பம் முழுக்கத் தெரியும். நகரத்துக்குக் கிழக்கே உள்ள கசினோவில், சனி ஞாயிறு என்று இரண்டு நாள் போட்டி. அதே ஞாயிறு அத்தானின் தங்கை ரதியின் மகள் யதுஷாவுக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையானதற்கான சடங்கு. ரதி குடும்பம் ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறது. மண்டபம் மார்க்கம் நகரில், ஒரு வருடத்துக்கு முன்பே பதிந்தது. சனிக்கிழமையே தோற்றுவிடுவேன், ஞாயிறு மண்டபத்தில் நிற்பேன் என்று நம்பித்தான் அத்தான் போட்டியில் இறங்கினார். தோற்கவில்லை. ஞாயிறு பதினொரு மணிக்குத் திரும்பவும் மேசையில் இருந்தார், கையில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் சிப்ஸோடு. சுபநேரம் பன்னிரண்டு நாற்பது. பிள்ளையின் தலையில் பாலும் அறுகம்புல்லுமாகப் பாலறுகு வைக்கவேண்டியது தாய்மாமன். ரதிக்கு வேறு சகோதரம் இல்லை.

போட்டியில் ஆள் இல்லாவிட்டாலும் அவருடைய கதிரைக்கு முன்னால் காட்ஸ் போடப்படும். ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயம் வைக்கவேண்டிய சிப்ஸை அவருடைய குவியலில் இருந்து எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தொகை நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை கூடும். அத்தான் போகமுன்னம் கணக்குப் பார்த்தார். போக வர இருநூறு நிமிடம். பத்துச் சுற்று. ஒரு லட்சத்து அறுபத்தையாயிரம் போகும், நாற்பத்தையாயிரம் மிஞ்சும். அது சாகும் தறுவாயில் உள்ள ஒருவரின் தொகை. தெரிந்துகொண்டுதான் எழும்பினார்.

மூன்று இருபதுக்கு வேட்டியோடும் சால்வையோடும், நெற்றியில் சந்தனத்தோடும் திரும்பி வந்தார். உடுப்பு மாற்ற நேரமில்லை. காட்ஸ் போடுகிற பெண், இவருக்குத்தான் கலியாணமோ என்று கேட்டாளாம். குவியலில் ஒரு லட்சத்து இருபத்தெண்ணாயிரம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு மூன்றாம் இடம்வரைக்கும் போனார். யசிந்தன் எடுத்த அந்த வேட்டிப் படம் இன்றைக்கும் எங்கள் குடும்ப வட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

"அத்தான், இதில நாப்பத்தஞ்சு எண்டு நினைச்சியள். நூற்றிருபத்தெட்டு இருந்திருக்கு. பாதிதான் போயிருக்கு" என்றேன்.

"எழுதியிருக்கிறனே. சாப்பாட்டு இடைவேளை விட்டிருப்பாங்கள். காட்ஸின்ர வேலையில போட்டிருக்கிறன்."

கசினோவின் இணையத்தளத்தில் அந்தப் போட்டியின் நேர அட்டவணை இன்னமும் இருந்தது. இடைவேளை ஆறு மணிக்கு. அவர் கொப்பியிலேயே, காலையில் முதல் மணித்தியாலத்தில் இருபத்தெட்டுக் கை, அதாவது இருபத்தெட்டு ஆட்டம், விளையாடியதாகக் குறிப்பு இருந்தது. அந்த வேகத்தில் இருநூறு நிமிடத்துக்குத் தொண்ணூறு கையாவது போயிருக்கவேண்டும். போன சிப்ஸை வைத்துப் பார்த்தால் நாற்பத்தைந்துதான்.

"நீங்கள் இல்லாத நேரம் மேசை பாதி வேகத்திலதான் ஓடியிருக்கு" என்றேன்.

அவர் பேனையை வைத்துவிட்டு யசிந்தனுக்கு அழைத்தார். அன்றைக்கு அவர்கள் இருவரும் ஒரே மேசை. தொலைபேசியை நடுவில் வைத்து, எல்லாரும் கேட்கும்படி போட்டார்.

"யசிந்தன், செப்ரெம்பரில நான் சாமத்தியவீட்டுக்குப் போன நேரம் மேசை ஏன்ரா மெதுவா ஓடினது?"

"அண்ணை, இப்ப ஏன் அது? உந்த ஏழாம் கதிரை மனிசிதான். எங்கட உயிரை வாங்கிப்போட்டுது."

"என்ன செய்தவ?"

"ஒவ்வொரு கைக்கும் முகட்டைப் பாத்துக்கொண்டிருந்தவ. கையில ஒண்டும் இல்லாட்டிலும் முழு நேரமும் யோசிக்கிறது, பிறகு காட்ஸை மடிச்சு அந்தக் கையை விடுறது. நேரத்தை அளக்கச் சொல்லி மனேஜரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைச்சுப்போனம்."

"எப்ப தொடங்கினவ?"

"நீங்கள் வெளிக்கிட்டாப்போலதான்."

அக்கா அடுப்பை நிறுத்தினாள்.

"அவவிட்டச் சிப்ஸ் குறைவோ?" என்று நான் கேட்டேன். தோற்கப்போகிறவர்கள் பரிசு எல்லைவரை தாக்குப்பிடிக்க நேரத்தை இழுப்பது உண்டு. அத்தான்தான் எப்போதோ சொல்லியிருந்தார்.

"அதார் கேக்கிறது, சுலக்சனாவோ? இல்லை தங்கச்சி, மேசையில ஆகக் கூடச் சிப்ஸ் அவவிட்டத்தான். அவ நேரத்தை இழுத்தா அவவுக்குத்தான் நட்டம். ஒருத்தன் முகத்துக்கு நேர கேட்டவன், ஏன் இப்பிடிச் செய்யிறாய் எண்டு. அவ அண்ணையின்ர வெறுங் கதிரையைக் காட்டி ஏதோ சொன்னவ. அவவின்ர இங்கிலீசில 'அங்கிள்' எண்டது மட்டும்தான் எனக்குப் பிடிபட்டது."

"பிறகு?" என்றார் அத்தான்.

"பிறகென்ன, ஆக்கள் கோவத்தில அவவையே குறிவைச்சு அடிச்சாங்கள். ரெண்டு பெரிய கை தோத்தா. நீங்கள் வரப் பத்து நிமிசத்துக்கு முன்னம் எழும்பிப் போனவ. இன்னும் மூண்டு பேர் போயிருந்தா அவவுக்கும் பரிசு."

"நீ ஏன் எனக்கு அண்டைக்குச் சொல்லேல்லை?"

"நானும் ரெண்டு தரம் மனேஜரைக் கூப்பிட்டனான், அண்ணை. அதை எப்பிடிச் சொல்லுறது?"

தொலைபேசியை வைத்த பிறகு அத்தான் எழும்பி, குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பெட்டியை எடுத்துவந்தார். நீல மூடி. மூன்று மாதமாக அது அங்கே இருந்ததை நானும் பார்த்திருக்கிறேன். யாருடையது என்று கேட்டதில்லை.

அப்போதுதான் மிச்சக் கதையைச் சொன்னார். ஏழாம் கதிரையில் இருந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க வியட்நாம்காரி. கையில் பச்சைக்கல் வளையல். சனிக்கிழமை முழுக்க அவருக்குப் பக்கத்தில் இருந்தும் ஒரு வார்த்தை பேசாதவர். ஞாயிறு காலை, வெட்டிய கொய்யாக்காயும் மிளகாய் உப்பும் இந்தப் பெட்டியில் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். அத்தான் எல்லாவற்றையும் சாப்பிட்டார். அவர் பெட்டிக்குக் கையை நீட்டினார். அத்தான் கொடுக்கவில்லை.

"ஏன் குடுக்கேல்லை?" என்றேன்.

"வெறும் பெட்டியை எப்பிடிக் குடுக்கிறது?"

பெட்டியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, தான் வெளிக்கிடும் காரணத்தையும் சொல்லியிருக்கிறார். தங்கையின் மகள், பெரிய நாள், நான்தான் மாமன், மூன்று மணித்தியாலத்தில் வருவேன். தொலைபேசியில் யதுஷாவின் படத்தைக் காட்டினார். அந்த அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "போ, போ" என்று கையால் தள்ளுகிற மாதிரிக் காட்டினாராம். மண்டபத்தில் பெட்டியைக் கழுவி, அரியதரமும் பயற்றம்பணியாரமும் நிரப்பிக்கொண்டு வந்தார். கதிரை வெறுமையாக இருந்தது. தோற்றுப் போய்விட்டார் என்று மட்டும் சொன்னார்கள். இரவு பெட்டி பணியாரத்தோடு வீட்டுக்கு வந்தது.

"சுலா, அந்த நூற்றிருபத்தெட்டில அவவின்ர எவ்வளவு?"

எனக்குக் கேள்வி விளங்கியது. விளங்காத மாதிரி இருக்கப் பார்த்தேன். "அத்தான், இதெல்லாம் ஒரு நாளின்ர தரவு. அவவுக்கு வேற காரணம் இருந்திருக்கலாம்."

"என்ன காரணம்?"

நான் யோசித்தேன். நாலு வருடம் படித்ததெல்லாம் சேர்ந்தும் ஒரு காரணம் வரவில்லை.

"எண்பத்து மூவாயிரம். நூற்றுக்கு அறுபத்தஞ்சு" என்றேன்.

"அப்ப பரிசிலயும் அவ்வளவைக் கழியும்."

அக்கா வந்து கதிரையை இழுத்து இருந்தாள். "உதை ஏன் கழிக்கிறியள்? வருசம் முழுக்கக் காட்ஸ் தந்ததைக் கூட்டித்தானே வைச்சிருக்கிறியள்."

"காட்ஸ் இண்டைக்கு எனக்குத் தந்தா நாளைக்கு மற்றவனுக்குக் குடுக்கும். அது சமப்பட்டுப்போகும். இந்த மனிசி தந்தது எங்க சமப்படும்?"

"காசு வங்கியில கிடக்குது. நீங்கள் தோத்துப்போனன் எண்டுறியள்."

"காசு வீட்டுக்குத்தான். நான் காசைச் சொல்லேல்லை. என்ர ஆட்டத்தால ஏலுமோ எண்டதுதானே கேள்வி."

"ஏலும்" என்றாள் அக்கா. "நான் சொல்லுறன், ஏலும். ஒரு டொலர் குறைஞ்சாலும் எண்டு நான் எழுதினது கோவத்தில."

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வருடத்தில் வேறு எந்தப் பரிசுக்கும் அவர் அப்படிச் சிரித்ததை நான் காணவில்லை. பிறகு கலண்டர் மட்டையைத் தன் பக்கம் இழுத்தார். "சொல்லும் மச்சாள், எவ்வளவு?"

முப்பத்துநாலாயிரத்துக்கு அறுபது டொலர் குறைவு. அவர் அதை எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைத்தார். கொப்பியைத் திறந்து செப்ரெம்பர்ப் பக்கத்தில் 'காட்ஸின்ர வேலை' என்று இருந்ததை வெட்டினார். வேறு எந்த நிரலில் எழுதுவது என்று கொஞ்சநேரம் பார்த்தார். இரண்டு நிரல்தான் இருந்தன. கடைசியில் கோட்டின் மேலேயே, 'ஏழாம் கதிரை' என்று எழுதினார்.

நான் வீட்டுக்குப் பேருந்தில் வரும்போது எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அதைவிட என்மேல். அந்தக் கேள்வியை நான் கேட்காமல் விட்டிருந்தால் அவர் அடுத்த வருடமும் முகம் வழித்து, சாப்பாட்டுப் பெட்டியோடு வெளிக்கிட்டிருப்பார். இதை ஒருநாள் அவரிடமே சொன்னேன். "நீர் பாக்காம விட்டா வேற ஆர் பாக்கிறது? அதுக்குத்தானே படிச்சனீர்" என்றார். என் படிப்பைப் பற்றி இதுவரை ஒருவர் கேலி இல்லாமல் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு நானும் அவருமாகக் கசினோவுக்குப் போனோம். பெட்டிக்குள் அக்கா செய்த எள்ளுருண்டை. மேற்பார்வையாளர் மரியாதையாகத்தான் பேசினார். விளையாடுபவர்களின் பெயரையோ விலாசத்தையோ தரமுடியாது. பரிசு பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல் தளத்தில் இருக்கிறது, அதைப் பார்க்கலாம் என்றார். அந்தப் பட்டியலில் ஐம்பத்துநாலு பேர் இருந்தார்கள். மூன்று இடத்தால் தவறிய ஒருவரின் பெயர் அதில் இருக்காது. பச்சை வளையல் என்றதும் அவருக்கு ஆள் விளங்கியது போலத்தான் இருந்தது. "அவர் போட்டிகளுக்கு மட்டும் எப்போதாவது வருவார்" என்றார். பெட்டியைத் தங்களிடம் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அத்தான் சம்மதிக்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "பெட்டியைக் குடுத்தாக் கடன் தீருமோ அத்தான்?"

"பெட்டி பெட்டிக்கு. கொய்யாக்காய்க்கு."

"மற்றதுக்கு?"

அவர் அடுத்த போக்குவரத்து விளக்கில் காரை நிறுத்தினார். "அவவுக்கும் ஒருநாள் மேசையால எழும்பிப் போகவேண்டி வரும். ஆருக்கும் வருத்தம், பிள்ளைகுட்டியின்ர அலுவல் எண்டு. அப்ப நான் அந்த மேசையில இருந்து நேரத்தை இழுக்கவேணும்."

"நீங்கள்தான் இனி விளையாடமாட்டியளே."

"அதுதான் சிக்கல்" என்றார்.

ஜனவரியில் அவர் ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தார். சனி ஞாயிறும் வேலை. அக்கா இரண்டு தரம், அந்தக் கலண்டரைக் கிழித்து எறியட்டோ என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்றார். கொப்பியைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

கசினோவில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு பெரிய போட்டி நடக்கும். அன்றைக்கு நான் பெட்டியோடு போகிறேன். யாரும் போகச் சொல்லவில்லை. கணக்கில் அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவள் நான் என்பதால் போகிறேன் என்று எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். கயிற்றுக்கு வெளியே நின்று ஒவ்வொரு மேசையாகக் கைகளைப் பார்ப்பேன். மே மாதம் ஒரு பச்சை வளையலைக் கண்டு கயிற்றை ஒட்டிப் போய் எட்டிப் பார்த்தேன். அது வேறு ஒரு பெண், என் வயது.

அன்று திரும்பி வந்தபோது அத்தான் வேலை உடுப்போடு குசினியில் நின்றார்.

"இருந்தவவோ?"

"இல்லை."

அவர் பெட்டியை வாங்கித் திறந்தார். எள்ளுருண்டைகளில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தை என் பக்கம் தள்ளினார். "இது மூண்டு கிழமைக்கு மேல தாங்காது" என்றார். பெட்டியைக் கழுவி, துடைத்து, நீல மூடியைக் காயவைத்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, வீட்டில் எள்ளு இருக்கிறதா என்று கேட்டார்.